மதுபோதையில் இருந்ததாகத் தெரிவிக்கப்படுகிறவர்

“ரேடியோவுல மதுபோதையில் இருந்ததாகத் தெரிவிக்கப்படுகிற ஆளு நான்தாங்க.”

ஹட்டன் நகரத்தில் ஜவ்பர் நானாவின் கடை வாசலில் நின்றுகொண்டு ஒரு மனிதர் இப்படித்தான் தன்னை எனக்கு அறிமுகப்படுத்திக்கொண்டார். வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. கக்கத்தில் கவட்டுக் கம்பு. சட்டையில் ஆஸ்பத்திரி வாடை. ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வெளியே அனுப்பியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்திருந்தார்.

அந்தக் கடையின் பின்பக்கத்து மேசைதான் அப்போது என் அலுவலகம். முன்னால் நானா போட்டோ பிரதி எடுப்பார், தொலைபேசி அட்டை விற்பார். பின்னால் இருந்து நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கும் வானொலி ஒன்றுக்கும் செய்தி கொடுப்பேன். வானொலிக்குத் தொலைபேசி வழியாக என் குரலிலேயே வாசிப்பேன். அதனால் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் என் முகத்தைவிடக் குரலைத்தான் அதிகம் பேருக்குத் தெரியும்.

“இரிங்க தம்பி, கால நீட்டி இரிங்க,” என்று நானா முக்காலியை இழுத்துப் போட்டார்.

அவர் உட்காரவில்லை.

“எம் பேரு அருளப்பன். யாரு சார் தெரிவிச்சது?”

“வட்டாரங்கள் தெரிவிச்சதுங்க,” என்றேன்.

“எந்த வட்டாரம்? வட்டவளையா?”

வட்டவளை பக்கத்து ஊர். நானா சிரித்துவிட்டார். நானும் சிரிக்கப் பார்த்தேன். அருளப்பன் சிரிக்கவில்லை.

“வட்டாரம்னா அது ஒரு ஆளுதானே சார்? கூப்பிடுங்க. நான் பேசிக்கிறேன்.”

அப்படி ஓர் ஆள் இல்லை. இதை இன்றைக்கு எழுத்தில் சொல்கிறேன். அன்றைக்கு, “விசாரிச்சுப் பாக்கிறேன்” என்றேன்.

ஆள் இல்லாத வினை

இந்தத் தொடரில் செய்தித் தொழிலின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசிக்கொண்டு வருகிறேன். சென்ற வாரம் ‘அசம்பாவிதம்’ பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரச் சொல்லை இவ்வளவு நாளும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். ‘தெரிவிக்கப்படுகிறது’ என்பது அந்தச் சொல்.

ஹட்டனில் உள்ள பள்ளிக்கூடம் ஒன்றில் நல்ல ஆசிரியர்களிடம் இலக்கணம் படித்தவன் நான். செயப்பாட்டு வினைக்கும் ஒரு செய்பவன் உண்டு, ‘இராமனால்’ என்பது போல அவன் வாக்கியத்தில் எங்காவது இருப்பான் என்றுதான் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். செய்திக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த ‘ஆல்’ உருபை வெட்டிவிட்டால் ஆளையும் வெட்டிவிடலாம் என்று.

எங்களுக்குள் ஒரு தரவரிசை இருந்தது. ‘உறுதிப்படுத்தப்பட்டுள்ளது’ என்றால் இரண்டு பேர் சொல்லியிருக்க வேண்டும். ‘தெரிவிக்கப்படுகிறது’ என்றால் ஒருவர் சொன்னது. ‘கூறப்படுகிறது’ என்றால் பஸ் தரிப்பிடத்துத் தேநீர்க் கடை. ‘நம்பப்படுகிறது’ என்றால் அதை நம்புகிறவன் நான் ஒருவன்தான்.

இது ஒழுங்காக நடந்த நாள்களின் வரிசை. எல்லா நாளும் ஒழுங்காக நடக்கவில்லை.

குளவியும் குடும்பஸ்தரும்

மலையகச் செய்தியாளனுக்குச் சோறு போட்டது குளவி. எங்காவது ஒரு தோட்டத்தில் யாரையாவது அது கொட்டிக்கொண்டே இருக்கும். ‘தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த வேளையில் குளவிக் கொட்டுக்கு இலக்கான’ என்று தொடங்கும் செய்தியை ஒரு பழைய கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். தோட்டத்தின் பெயருக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கும் மட்டும் இடம் விட்டிருப்பேன். ஒருமுறை அவசரத்தில் போன வாரத்துத் தோட்டத்தின் பெயரை மாற்றாமலே வாசித்துவிட்டேன். அந்தத் தோட்டத்தின் கணக்கப்பிள்ளை கூப்பிட்டு, “சார், எங்க குளவி இப்ப நல்ல பிள்ளையா இருக்குதுங்க. வேற எடத்துல தேடிப் பாருங்க” என்றார்.

மனிதர்களுக்கும் நாங்கள் பெயர் வைத்திருந்தோம். உயிரோடு இருந்தால், அதுவும் பொலிஸ் தேடினால், ஒருவர் ‘நபர்’. அவரே இறந்துபோனால் ‘குடும்பஸ்தர்’. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண் ‘வயோதிபப் பெண்’. இதற்காக ஒரு கொழுந்துக்காரி என்னை ஹட்டன் சந்தையில் பிடித்து, “யாருய்யா வயோதிபம்? இருவது கிலோ கொழுந்தச் சொமந்துக்கிட்டு நான் மேட்டுல ஏறுறேன், கூட ஏறி வா பாப்பம்” என்று கேட்டாள்.

வாக்கியத்தை முடிக்கத் தெரியாதபோது ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்று போடுவோம். என் மனைவி ரூத் அதை வைத்து வாழ்நாள் முழுதும் என்னைக் கேலி செய்தாள். “இன்னைக்குக் கொழம்புல உப்புக் கொறைவு என்பது குறிப்பிடத்தக்கது” என்று சொல்லிக்கொண்டே தட்டை வைப்பாள். சாப்பிட்டு முடித்துவிட்டு நான் ஒன்றும் சொல்லாவிட்டால், “இது தொடர்பில் கருத்துத் தெரிவிக்க அவர் மறுத்துவிட்டார்” என்பாள்.

இவ்வளவு சொற்கள் இருந்த எங்கள் தொழிலில் ஒரு சொல் மட்டும் கிடையாது. அது ‘நான்’. முப்பது வருடம் நான் ‘எமது ஹட்டன் செய்தியாளர்’ ஆக இருந்தேன். மழையில் நனைந்தவர் அவர், பொலிஸ் நிலையத்தில் காத்திருந்தவர் அவர். தவறு செய்தவரும் அவர்தான் என்று இருந்துவிடுவது சுலபமாக இருந்தது.

‘இருக்கலாம்’

அருளப்பன் விழுந்த கதைக்கு வருகிறேன்.

வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியைக் கத்தியால் மட்டமாக வெட்டி விடுகிற கடுமையான வேலை அது. ஒரு ஞாயிறு மாலை தோட்டத்து மாதா கோயிலில் செபம் முடிந்து, வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பினார். வழியில் ஓடைக்கு மேல் ஒரு மரப்பாலம். மூன்று பலகைகள் உளுத்து விழுந்து மாதக்கணக்காகியிருந்தது. மழை இருட்டில் கால் உள்ளே போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அவரை ஏற்றி வந்த முச்சக்கரவண்டிக்காரரைப் பிடித்து விசாரித்தேன். “பாலத்துல பலக இல்ல சார். கால் உள்ள போயிருச்சு. கத்துன கத்துல மேல் லயம் வரைக்கும் கேட்டுச்சாம்” என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலைச் செய்திக்காகக் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்போது செய்தி ஆசிரியராக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். வேலையில் கெட்டிக்காரர், என்னிடம் அன்பானவர். அந்த அன்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குற்றம் அவருடையது அல்ல.

“ஓம் டானியல், சொல்லுங்கோ.”

“தோட்டத்துப் பாலத்திலிருந்து ஒருத்தர் விழுந்துட்டாருங்க.”

“செத்துப் போனாரோ?”

“இல்லைங்க. கால் முறிவு.”

“அப்ப இதில என்ன செய்தி இருக்கு? கால் முறியிறது ஊருலகத்தில நடக்கிறதுதானே.” காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. “குடிவெறியில விழுந்தவரோ?”

அவர் கேட்டது கேள்விதான். ‘இல்லை’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ‘தெரியாது’ என்றாவது சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என்னிடம் வேறு செய்தி இல்லை. குளவிகூட இல்லை.

“இருக்கலாம்,” என்றேன்.

“சரி, அதையும் சேர்த்து வாசியுங்கோ. பதிவு செய்யிறன்.”

அந்த ‘இருக்கலாம்’ என் வாயிலிருந்து கொழும்புக்குப் போய், என் குரலிலேயே திரும்பி வந்தபோது இப்படி ஆகியிருந்தது: ‘சம்பவத்தின்போது அந்நபர் மதுபோதையில் இருந்ததாகத் தெரிவிக்கப்படுகிறது.’

வேறு செய்தி இல்லை என்பது பாதிக் காரணம்தான். மீதியைச் சொல்வது கஷ்டம். நானும் லயத்தில் பிறந்தவன். என் அப்பா குடித்துவிட்டு விழுந்து கிடந்த இடங்களைத் தேடிப் போய்த் தூக்கி வந்தவன். படித்து, காற்சட்டை போட்டு, நகரத்துக்கு வந்த பிறகும் தோட்டத்தில் ஒருவர் விழுந்தார் என்றால் என் மனதுக்குள் முதலில் வந்தது அந்த வாடைதான். வெளியாட்கள் எங்களைப் பற்றி அப்படி நினைத்தால் கோபித்துக்கொண்டு கட்டுரை எழுதியவன் நான். அதையே நான் நினைத்தேன். பலகை இல்லை என்று காதால் கேட்டு, கையால் எழுதிக்கொண்ட பிறகும் நினைத்தேன்.

செபமாலையின் சபதம்

அருளப்பன் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். அதை அவரே அந்த முக்காலியில் உட்கார்ந்து, நானா வாங்கிக் கொடுத்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு சொன்னார்.

“ஆறு வருசமாச்சு சார் தொட்டு. எம் பொண்டாட்டி செபமால இருக்காளே, மாதா படத்துக்கு முன்னால வச்சு ஒரே வார்த்த சொன்னா. ‘இன்னொரு வாட்டி குடிச்சீங்கன்னு என் காதுல விழுந்தா, அன்னைக்கு நான் எங்க இருக்கேனோ அங்கேயே இருந்துருவேன்’னு. அதோட விட்டேன்.”

அவர் விழுந்த அன்று செபமாலை சின்ன மகளோடு, நுவரெலியாவுக்கு அப்பால் உடப்புசல்லாவையில் அக்கா வீட்டில் இருந்தாள். அக்கா பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தாள். மறுநாள் காலையில் அங்கே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோதுதான் வானொலியில் என் குரல் வந்திருக்கிறது. பெயர் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தையும் பாலத்தையும் சொன்னேன், வயதைச் சொன்னேன், இரண்டு பிள்ளைகளின் தந்தை என்று சொன்னேன். போதாதா? அவள் அங்கேயே இருந்துவிட்டாள்.

“போன் எடுத்துப் பேசலையா?” என்று கேட்டேன்.

“பேசாம இருப்பேனா? ‘ரேடியோ பொய் சொல்லுமா?’ன்னு கேக்குறா. தூக்கிட்டு வந்த நாலு பேரையும் பேச வச்சேன். அவனுக நாலு பேரும் எங்கூட பழைய காலத்துல சாராயத் தவறணைக்கு வந்தவனுக சார். அவனுக சாட்சிய அவ எப்படி எடுப்பா?”

நானா சிரித்தார். இந்தத் தடவை அருளப்பனும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஒங்க வாயால ‘குடிக்கல’ன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க சார். அவ வந்துருவா.”

திருத்தம்

மறுநாளே கொழும்புக்குப் பேசினேன். திருத்தம் ஒன்று வாசிக்க வேண்டும் என்றேன். தவறு என்னுடையது என்று மட்டும் சொல்லவில்லை. ‘தகவல் பிழையாகக் கிடைத்துவிட்டது’ என்றேன்.

“விழுந்த மனிசனுக்குத் திருத்தமோ? மந்திரிமாருக்கே நாங்கள் திருத்தம் போடுறேல்லை, டானியல்!”

இரண்டு வாரம் கழித்து வேறு வழியில் முயன்றேன். பாலத்தைப் பற்றி ஒரு செய்தி செய்தேன். பலகைகள் இல்லாததையும் மக்கள் படும் பாட்டையும் சொல்லி, ‘அண்மையில் இப்பாலத்தில் வீழ்ந்தவர் மதுபோதையில் இருக்கவில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது’ என்று முடித்தேன். நேரம் போதாது என்று அந்தக் கடைசி வரியை வெட்டிவிட்டார்கள். அந்த வாரமே யாரோ வந்து புதுப் பலகை அடித்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து அருளப்பன் கடைக்கு வந்தார்.

“ரேடியோவுல பாலம் வந்துச்சு சார். நான் வரலியே.”

“அடுத்த தடவை பாப்போங்க.”

“அதுவும் ‘தெரிவிக்கப்படுகிறது’ன்னா வேணாங்க. மொதல்ல குடிச்சதாத் தெரிவிச்சாங்க, இப்ப குடிக்கலன்னு தெரிவிக்கிறாங்க. எதை நம்புறதுன்னு அவ கேப்பா. உடப்புசல்லாவைக்கு ஒரு நடை வந்து, ‘நான்தான் தப்பாச் சொன்னேன்’னு சொல்லிட்டு வாங்க சார். பஸ் காசு நான் தர்றேன்.”

“அடுத்த வாரம் போவோம்,” என்றேன்.

அடுத்த வாரம் நகர சபையில் ஏதோ கூட்டம். அதற்கடுத்த வாரம் மண்சரிவு. பிறகு தேர்தல். காரணங்களுக்கு ஹட்டனில் பஞ்சமே இல்லை. உண்மையான காரணம் ஒன்றுதான். ஒரு பெண்ணின் முன்னால் நின்று ‘நான் இட்டுக்கட்டினேன்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் அருளப்பன் வராமல் இருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். மாவுக்கட்டோடு வந்தார், கட்டு அவிழ்த்த பிறகு நொண்டிக்கொண்டு வந்தார். கோபத்தோடு வரவில்லை என்பதுதான் என்னை அதிகம் வருத்தியது. முதலில் உடப்புசல்லாவை என்று ஒரு வார்த்தை சொல்வார். நான் ஒரு காரணம் சொல்வேன். அதை ஏற்றுக்கொண்டதுபோலத் தலையாட்டிவிட்டு, அந்த வாரத்துச் செய்திகளைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

“வியாழக்கெழம ‘வட்டாரங்கள் தெரிவித்தன’ன்னு சொன்னீங்களே, ரெண்டு பேராச்சும் இருந்தாங்களா?”

“மூணு பேரு இருந்தாங்கப்பா.”

“பேரு?”

“பேரு சொல்லக் கூடாது.”

“அப்ப மூணு பேருன்னாச்சும் சொல்லியிருக்கலாமே. கேக்கிறவனுக்கு ஒரு தெம்பு இருக்கும்.”

நானா இடையில் புகுந்து, “சேர், ஒங்களுக்குக் கொழும்பில ஒரு ஆசிரியர், இஞ்ச ஒரு ஆசிரியர்” என்பார்.

அது பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்குப் பயந்தே என் செய்திகளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ‘மேல் பிரிவில் வேலை செய்யும் பெண்கள் இருவர் எம்மிடம் சொன்னார்கள்’ என்று வாசித்தேன். கொழும்பில் முணுமுணுத்தார்கள். நான் விடவில்லை. தொழிலில் என் கடைசி ஆண்டுகள்தான் நன்றாக அமைந்தன என்றால் அதற்கு அவர்தான் காரணம். அவரிடமிருந்து அவ்வளவையும் வாங்கிக்கொண்டு, அவர் கேட்ட ஒன்றை மட்டும் கொடுக்காமல் இருந்தேன்.

இரண்டு ஞாயிறு

ஏழாவது மாதத்தில் இரண்டு ஞாயிறு தொடர்ந்து அவர் வரவில்லை.

“அருளப்பனுக்குச் சொகமில்லையோ?” என்று நானாவிடம் கேட்டேன்.

நானா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “சொகம்தான் சேர். சனிக்கெழம தவறணைப் பக்கத்தில கண்டேன். என்னையக் கண்டதும் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாரு.”

துணியைக் கீழே வைத்துவிட்டு, “ஒங்க நியூஸ் இப்பதான் சரியாகியிரிக்கி” என்றார்.

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. வருத்தத்தில் சொன்னார். மறுநாள் விடிந்ததும் உடப்புசல்லாவைக்குப் பஸ் ஏறினேன்.

நுவரெலியாவில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். அந்த மலை வளைவுகள் எனக்கு எப்போதும் ஒத்துக்கொள்வதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, என்ன சொல்லப் போகிறேன் என்று மனதில் எழுதிப் பார்த்துக்கொண்டே போனேன். எழுதிய ஒவ்வொரு வாக்கியமும் ‘பட்டது’ என்றுதான் முடிந்தது.

செபமாலை கொழுந்து மலையிலிருந்து அப்போதுதான் வந்து, லயத்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஒல்லியான, நேராக நிற்கிற பெண். “செபமாலைங்கிறது யாரும்மா?” என்று கேட்டேன். அவள் நிமிர்ந்தாள்.

“நீங்க ரேடியோக்காரரு,” என்றாள். குரலில் கண்டுபிடித்துவிட்டாள்.

உள்ளே உட்கார வைத்து, பிளேன்டீயும் சீனியும் தந்தாள். ஆற விடாமல் குடித்துவிட்டுச் சொன்னேன்.

“அன்னைக்கு அவரு குடிச்சிருக்கலம்மா. பாலத்துல பலகை இல்லாததால விழுந்தாரு. குடிச்சாருன்னு என்கிட்ட யாரும் சொல்லல. நானாச் சொன்னது.”

“நானான்னா?”

“நான்தான்.”

“எதுக்கு?”

“விழுந்தவரு சாகல. கால் ஒடைஞ்சது மட்டும்னா செய்தியாகாதுன்னாங்க.”

கையிலிருந்த துணியை அவள் மெதுவாக மடித்து வைத்தாள்.

“ஒரு மனுசனுக்குக் காலு ஒடைஞ்சது ஒங்களுக்குப் பத்தலையா?”

காலிக் கோப்பையைத் தரையில் வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

“ஏழு மாசமா அக்கா வீட்டுல ஓரமாப் படுத்துக் கெடக்கேன். அந்த மனுசன் போன்ல அழுதாரு. நான் வச்சிட்டேன். ஒங்க குரலு எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? அப்படி ஒரு குரலுல பொய் இருக்கும்னு எனக்குத் தோணவேயில்ல.”

தவறணை விசயத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். அன்றைய பொய்யைத் திருத்த வந்த இடத்தில், இன்றைய உண்மையை மறைத்தேன். அதைச் சொன்னால் அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். முன்பு செய்திக்காக ஒன்றைச் சேர்த்தேன், இப்போது அவளுக்காக ஒன்றை விட்டேன். இரண்டு தடவையும் அவளைக் கேட்கவில்லை.

“அப்ப வீட்டுக்குப் போலாமாம்மா?” என்றேன்.

“எப்படிப் போறது? ரேடியோவுல எல்லாருக்கும் கேக்கச் சொன்னீங்க. இப்ப எங்கிட்ட மட்டும் வந்து மெதுவாச் சொல்றீங்க. நான் போனா ‘குடிகாரன் பொண்டாட்டி வேற வழியில்லாம வந்துட்டா’ன்னுதானே பேசுவாங்க? பெரட்டுக் களத்துல வந்து சொல்லுங்க. எல்லாரும் நிக்கும்போது சொல்லுங்க. நானும் வந்து நிக்கிறேன்.”

பெரட்டுக் களம்

மகளைப் பள்ளிக்கூடத்துக்காக அக்காவிடம் விட்டுவிட்டு, செபமாலை வியாழக்கிழமை பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். வெள்ளிக்கிழமை காலை நாங்கள் இருவரும் தோட்டத்துக்குப் போனோம்.

பெரட்டு என்றால் காலையில் எல்லோரையும் கூட்டி, பேர் போட்டு, இன்ன மலைக்கு இன்னார் என்று வேலை பிரித்து விடுவது. பனி முழுதாக விலகவில்லை. இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய பெண்கள் ஒரு பக்கம், கத்தியோடு ஆண்கள் மறுபக்கம். அருளப்பன் ஆண்களுக்கு நடுவில் நின்றார். செபமாலையைக் கண்டதும் அவர் கை தன்னால் சட்டைப் பொத்தானைப் பூட்டியது. அவள் களத்து ஓரத்தில் பையைத் தரையில் வைத்துவிட்டு நின்றாள்.

“அஞ்சு நிமிசம் சார்,” என்றார் வேலை பிரிக்கிற கண்டாக்கையா. “கொழுந்து காத்திருக்காது.”

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

“ஏழு மாதங்களுக்கு முன்னர் ஒலிபரப்பாகிய செய்தியொன்றில் தவறான தகவலொன்று இடம்பெற்றிருந்தமை…”

“ரேடியோவ நிப்பாட்டிட்டுப் பேசுங்க சார்!” என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

களம் முழுதும் சிரித்தது.

“நான் பொய் சொன்னேன்,” என்றேன். “அருளப்பன் அன்னைக்குக் குடிச்சிருக்கல. பலகை இல்லாமத்தான் விழுந்தாரு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே அப்படிச் சொன்னேன். யாரும் எனக்குத் தெரிவிக்கல. நான்தான்.”

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கா ஏழு மாதம்?

பெண்கள் செபமாலையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் மெல்ல இளகிக்கொண்டு வந்தது. அப்போது ஆண்கள் பக்கத்தில் பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

“அன்னைக்குக் குடிக்கல, சரி. போன சனிக்கெழம தவறணையில நின்னது அவரோட அண்ணனா?”

யாரும் சிரிக்கவில்லை. செபமாலை என்னைத்தான் பார்த்தாள், தன் கணவரை அல்ல. தவறணை விசயம் எனக்கு முன்பே தெரியும் என்று அவள் புரிந்துகொண்டதை அந்தப் பார்வையே சொன்னது. நான் தரையைப் பார்த்தேன்.

அருளப்பன் வரிசையை விட்டு முன்னால் வந்தார். கால் இன்னும் இழுத்தது.

“அன்னைக்குக் குடிக்கல,” என்றார். “போன சனிக்கெழம குடிச்சேன். அதுக்கு மொத சனிக்கெழமையும் குடிச்சேன். ரெண்டையும் நானே சொல்றேன். யாரும் சொல்லித் தெரிய வேணாம்.”

“எதுக்குக் குடிச்சீங்க?” அவள் குரல் உயரவில்லை.

“நீ வரமாட்டேன்னு நெனச்சேன்.”

“நீங்க குடிச்சீங்கன்னு நான் வரல. நான் வரலன்னு நீங்க குடிச்சீங்க.” அவள் கணக்குச் சரிபார்ப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். “நல்லா இருக்கு.”

கண்டாக்கையா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதை மறைத்துக்கொண்டார்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு வாய் துடித்தது. கேட்கவில்லை. அந்த இடத்தில் பேசுவதற்கு எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் நான் ஏற்கெனவே அளவுக்கு அதிகமாகப் பேசியிருந்தேன்.

செபமாலை குனிந்து பையை எடுத்தாள். ஒரு கணம் அவள் பஸ் போகிற பக்கம் திரும்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அருளப்பனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவர் கையை நீட்டவில்லை, கூப்பிடவில்லை, அசையாமல் நின்றார்.

அவள் நேரே அவர் முன்னால் போய், பையை அவர் கையில் கொடுத்தாள்.

“நாளைக்குச் சனிக்கெழம,” என்றாள். “நான் வீட்டுல இருப்பேன். நீங்க எங்க இருக்கீங்கன்னு இனிமே ரேடியோவுல கேட்டுத் தெரிஞ்சுக்க மாட்டேன். நானே பாத்துக்கிறேன்.”